எல்யோர் கடித்து வைத்த ரொட்டி

உஸ்பெகிஸ்தானில், கோகந்து நகரத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் தெரிவது ஹோசியத்துக்குத்தான். ஒளிந்து நின்று பார்க்கிற பழக்கமெல்லாம் அவளிடம் இல்லை. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நேராகப் பார்ப்பாள், கூப்பிட்டு நிறுத்திக் கேட்பாள். பிறந்த வீடு ரயில் நிலையத்தை ஒட்டி இருந்தது. நிற்கிற ரயிலின் ஜன்னலில் தெரிகிற முகங்களைப் பார்த்து, "எந்த ஊருக்குப் போறீங்க? அங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று கத்துவாளாம். பாதி பேர் பதில் சொல்வதற்குள் ரயில் கிளம்பிவிடும். அந்தப் பதில் வராத கேள்விகள் எல்லாம் இன்னும் அவள் வயிற்றில் கிடக்கின்றன என்று அவள் கணவர் நபி கேலி செய்வார்.

பாலர் பள்ளியில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். தாஷ்கண்டைத் தாண்டி ஒரு ஊரைப் பார்த்ததில்லை. அதனால் மொழிக் கல்லூரிக்காரர்கள், "வெளிநாட்டுப் பெண் ஒருத்தி படிக்க வர்றா, யாராவது வீட்டுல வச்சுக்குவீங்களா?" என்று தெருவில் விசாரித்தபோது மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஹோசியத் விசாரிக்க வந்தவர்கள் கையிலிருந்த பையையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்துவிட்டாள்.

"எந்த ரூம்ல வைப்ப?" என்றார் நபி.

"எல்யோர் ரூம்லதான். சும்மாதானே கிடக்கு."

அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. எல்யோர் அவர்களுடைய ஒரே மகன். கொரியாவில் ஒரு குழாய்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அடுத்த வசந்தத்தில் நவ்ரூஸ் பண்டிகைக்கு வருகிறேன் என்பான். நவ்ரூஸ் வரும், அவன் வர மாட்டான். கிளம்பிய அன்று எங்கள் வழக்கப்படி அம்மா சுட்ட ரொட்டியை வாசலில் வைத்து ஒரு கடி கடித்துவிட்டுப் போனான். கடித்த ரொட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. போனவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும். ரொட்டி வீட்டில் இருக்கிற வரைக்கும் அவனை இந்த வீடு கையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஹோசியத் அதை வெள்ளைத் துணியில் கட்டி, அடுக்களைச் சுவரில் உயரமாக ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். காலையில் அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மூட்டையைத்தான் பார்ப்பாள். கண்பட்டுவிடும் என்று அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

திராட்சை பறிக்கிற காலத்தில் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பின்லாந்துக்காரி. பேர் தூலி. நெட்டைக் கொக்கு. எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தாள். அதனால் அவள் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடத்துப் பாடம் நடப்பது போல இருக்கும்.

முதல் நாளே அண்டை வீட்டுக் கும்ரி பார்க்க வந்துவிட்டாள். கும்ரிக்கு நாக்கு நீளம். வந்தவள் வழக்கம்போல, "நல்லாருக்கியா கண்ணு? களைப்பில்லையா? உடம்பு சுகமா? அப்பா அம்மா சுகமா?" என்று அடுக்கினாள். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் பதில் சொல்வதில்லை. திருப்பி அதே கேள்விகளை நாமும் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். தூலி உட்கார்ந்து யோசித்தாள்.

"களைப்பாக இருக்கிறேன். நேற்று எனக்கு வயிற்றுப்போக்கு. என் அப்பாவும் அம்மாவும் விவாகரத்து ஆனவர்கள். அப்பா சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி."

கும்ரி வாயில் போட்ட திராட்சையை விழுங்கவில்லை. "அடியே ஹோசியத், இவ என்னடி, கேட்டா சொல்லிடறா!"

"நீ ஏன் கேட்ட?" என்றாள் ஹோசியத். அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். ஆயுசு முழுக்கக் கேள்வி கேட்டவளுக்கு இப்போதுதான் பதில் சொல்கிற ஆள் கிடைத்திருக்கிறாள்.

அதன்பிறகு தினமும் கச்சேரிதான். உங்க ஊர்ல ராத்திரியே வராத நாள் உண்டாமே, அப்ப கோழி எப்போ தூங்கும்? வீட்டுக்குள்ளேயே வெந்நீர் ஆவியில உட்காருவீங்களாமே, துணியோடயா துணியில்லாமயா? தூலி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். ஆவி விஷயத்தில் சொன்ன பதிலைக் கேட்டு நபி எழுந்து புறாக்களுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

தூலிக்கும் கேள்விகள் குறைவில்லை. எங்களுக்குக் கேள்வியே எழாத இடத்தில் அவளுக்கு எழும். முதல் வாரம் ஹோசியத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது. "சித்தின்னு கூப்பிடு" என்று சொல்லிக்கொடுத்ததும், "நீங்கள் என் அம்மாவின் தங்கை இல்லையே?" என்றாள். பிறகு பழகிக்கொண்டாள். தட்டைக் காலி செய்தால் மரியாதை என்பது அவள் வீட்டு வளர்ப்பு. காலித் தட்டைக் கண்டால் நிரப்புவது எங்கள் வளர்ப்பு. இரண்டும் மோதி, ஒரு பலாவ் விருந்தன்று அந்தப் பெண் எழுந்திருக்க முடியாமல் மெத்தையில் சாய்ந்துவிட்டாள்.

"வேண்டாம்னு சொல்றதுதானே?" என்றாள் ஹோசியத், வயிற்றுக்குச் சீரகக் கஷாயம் கொடுத்தபடி.

"சொன்னேன். நீங்கள் போட்டீர்கள்."

"ஒரு தடவ சொன்னா? மூணு தடவ சொல்லணும். முதல் தடவ சொல்றது பேச்சுக்கு."

"அப்படியானால் நீங்கள் சொல்வதில் எது உண்மை, எது பேச்சுக்கு?"

ஹோசியத் யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "அது முகத்தப் பாத்தாத் தெரியும்" என்று சொல்லிவைத்தாள்.

தேநீர் ஊற்றுவதிலும் ஒரு கூத்து நடந்தது. கும்ரி வந்திருந்தபோது கிண்ணம் வழிய வழிய ஊற்றிக் கொடுத்தாள் தூலி. "பாத்தியா, என்னைக் குடிச்சிட்டுக் கிளம்புங்கறா!" என்று கும்ரி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். வந்தவர் இருக்க வேண்டும் என்றால் அரைக் கிண்ணம் ஊற்ற வேண்டும், அப்போதுதான் மறுபடி மறுபடி ஊற்றலாம். தூலி காது சிவக்கக் கேட்டுக்கொண்டாள்.

ரொட்டி விஷயம் மட்டும் ஹோசியத் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காய்ந்த ரொட்டித் துண்டைத் தூலி குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். ஹோசியத் கூடைக்குள் கையை விட்டு அதை எடுத்து, ஊதி, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, மதில் மேல் குருவிக்கு வைத்தாள். "ரொட்டிய மட்டும் வீணாக்காத கண்ணு. பெரிய பாவம். காஞ்சு போனா சூப்புல நனைச்சுத் தின்னலாம். அதுவும் முடியலன்னா பறவைக்கு." அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து விரிப்பில் சிந்துகிற பொடியைக்கூட விரலால் ஒற்றி எடுத்துத் தின்பாள். ஒரு சொல் சொன்னால் போதும், கற்பூரப் புத்தி.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அடுக்களை ஆணியைக் காட்டிக் கேட்டாள். "அந்தத் துணியில் என்ன இருக்கிறது, சித்தி?"

ஹோசியத் ஆணிப் பக்கம் திரும்பவே இல்லை. கண்பட்டுவிடுமே. "அதுவா? ஒண்ணுமில்ல. பழைய ரொட்டி" என்று கையை வீசிவிட்டு வெங்காயத்தை எடுத்தாள். எங்களில் யாராக இருந்தாலும் அந்தக் கை வீச்சிலேயே, 'இதைப் பற்றிக் கேட்காதே' என்பது புரிந்திருக்கும்.

குளிர் நன்றாக இறங்கிய பிறகு மர்கிலானில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. தூலிக்குச் சளி, வரவில்லை என்றாள். ஹோசியத்தும் நபியும் மட்டும் போய்விட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினார்கள். வாசலிலேயே தூலி நின்றுகொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தாலும் முகத்தில் நூறு விளக்கு.

"சித்தி! நேற்று வீட்டில் ரொட்டி தீர்ந்துவிட்டது. ஆனால் நான் கடைக்குப் போகவில்லை. அந்தப் பழைய ரொட்டியைச் சாப்பிட்டேன். கல் மாதிரி இருந்தது. உரலில் இடித்து, சூப்பில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். ஒரு பொடிகூட வீணாகவில்லை."

ஹோசியத்துக்கு முதலில் காதில் ஏறவில்லை. அடுக்களைக்குள் போனாள். ஆணி மட்டும் இருந்தது. வெள்ளைத் துணி துவைத்து, மடித்து, பெட்டி மேல் அழகாக வைக்கப்பட்டிருந்தது.

"ஓரத்தில் எலி கடித்திருந்தது" என்றாள் பின்னாலேயே வந்த தூலி. "அந்தத் துண்டை மட்டும் குருவிகளுக்குப் போட்டேன்."

ஹோசியத் செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடினாள். மதில் மேல் பனிதான் இருந்தது, குருவிகளின் கால்தடங்கள் இருந்தன. அவள் பனிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. மகனுடைய பல் பட்ட இடம் அது. நாலு வருஷமாக அவனுடையதென்று இந்த வீட்டில் அவள் கட்டிக் காத்தது அது ஒன்றைத்தான்.

திட்ட வாய் வந்தது. ஆனால் விருந்தாளி அப்பனுக்கும் மேலே என்று கேட்டு வளர்ந்தவள் எப்படித் திட்டுவாள்? "நல்லது கண்ணு, நல்லா செஞ்ச" என்றாள். பிறகு முற்றத்து மூலையில் தந்தூர் அடுப்பு இருக்கிற கொட்டகைக்குள் போய், அணைந்த அடுப்பின் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

நபி பின்னால் வந்து நின்றார். "ரொட்டிதானே ஹோசியத். மாவும் தண்ணியும்."

"அப்படின்னா நீங்க ஏன் நடுங்கறீங்க, எல்யோர் அப்பா?"

"குளிருது" என்றார் அவர். அன்று சாயங்காலம் அவரும் சாப்பிடவில்லை.

முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தவள் ஹோசியத்தான். பெண் இப்போது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் என்னவென்று புரியவில்லை. "நான் என்ன தவறு செய்தேன்? தயவுசெய்து சொல்லுங்கள்" என்று ஹோசியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஒண்ணுமில்ல" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காமல் கடைசியில் கும்ரி வீட்டுக் கதவைத் தட்டினாள். சர்க்கரை தடவிச் சொல்லும் பழக்கம் கும்ரிக்கு ஏது? போட்டு உடைத்துவிட்டாள்.

தூலி திரும்பி வந்தபோது காகிதம் போல வெளுத்திருந்தாள். ஹோசியத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அழுகை வந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவிலும் அவளுடைய குணம் போகவில்லை.

"நீங்கள் ஒன்றுமில்லை என்றீர்கள், சித்தி. பழைய ரொட்டி என்றீர்கள். நான் நம்பினேன்."

பெண் சொன்னது அத்தனையும் நிஜம்.

"எல்யோரிடம் சொல்ல வேண்டும்" என்றாள் தூலி.

"ஐயோ, வேண்டாம்! மூச்சு விடாத! அங்க தனியாக் கிடக்கிற பிள்ள, மனசு உடைஞ்சு போயிடும்."

நாலு வருஷமாக அந்த வீட்டில் நடந்த கெட்டது எதுவும் எல்யோர் காதுக்குப் போனதில்லை. அப்பாவுக்குக் குடல் அறுவை நடந்தது போகவில்லை, கூரை ஒழுகியது போகவில்லை. போனில் அவன், "எல்லாம் நல்லாருக்காம்மா?" என்பான். இவள், "நல்லாருக்கு ராஜா, நீ?" என்பாள். "நல்லாருக்கேன்." அவ்வளவுதான். அவன் பக்கத்தில் எத்தனை கூரை ஒழுகியதோ, யார் கண்டது.

வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடுகிற நாள். போன் திரையில் அவன் முகம் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. "எல்லாம் நல்லாருக்காம்மா?"

"நல்லாருக்கு ராஜா."

பக்கத்திலிருந்து ஒரு நீளக் கழுத்து நீண்டு வந்தது. "எல்யோர், நல்லாயில்லை. நான் உங்கள் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டேன்."

ஹோசியத் போனைப் பிடுங்கப் பார்த்தாள். நபி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை கேட்டால் மழுப்புகிறார்.

"எந்த ரொட்டி?" என்றான் எல்யோர்.

"நீங்கள் கடித்து வைத்த ரொட்டி. எனக்குத் தெரியாது. எலி என்று நினைத்தேன். மிகவும் வருந்துகிறேன்."

"முழுசாவா?"

"முழுவதும். நீங்கள் கடித்த இடத்தைக் குருவிகள் சாப்பிட்டன."

எல்யோர் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். 'எலி' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நடுவில் அந்தச் சிரிப்பு எங்கேயோ இடறியது. அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். திரையில் தொழிலாளர் விடுதியின் கூரைதான் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா" என்றான் கடைசியில். "அது அங்க தொங்கிட்டு இருக்குங்கற தைரியத்துலதாம்மா நான் இங்க இருந்தேன். எப்ப வேணா போலாம், ரொட்டி இருக்குன்னு. இப்ப ஒண்ணும் இல்லையா?"

ஹோசியத்தால் இதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் இல்லடா ராஜா. ஆணிதான் இருக்கு. உன் அப்பாவுக்கு ஆபரேஷன்கூட நடந்துச்சுடா, சொல்லல."

அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சு நாலு வருஷத்துக்கும் சேர்த்து. அவனும் சொன்னான். தோள் எலும்பு உடைந்து கிடந்ததை, அறைத்தோழன் கைவிட்டுப் போனதை, பண்டிகை நாட்களில் படுத்தே கிடந்ததை எல்லாம். முடிக்கும்போது, "விடுப்பு கேக்கறேன். பதினஞ்சு நாளாவது வர்றேன். வந்து வேற ரொட்டி கடிச்சு வச்சிட்டுப் போறேன்" என்றான்.

நவ்ரூஸுக்கு முன்னாலேயே வந்துவிட்டான். பாதாம் பூத்திருந்தது. வாசலில் அவனைக் கட்டிக்கொண்டு ஹோசியத் விடவே இல்லை. கும்ரி, "பெத்த மனம் பித்து, விடுடி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்று இழுத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. எல்யோர் முன் அறையில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டான். தூலியை அவனுடைய அறையிலிருந்து கிளப்ப அவன் சம்மதிக்கவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் 'எலி' என்றான். அவள் ஒவ்வொரு தடவையும், "நான் அதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்" என்றாள்.

எல்லாம் சரிதான். ஆனால் ஒரு வாரம் போன பிறகுதான் தெரு கவனித்தது, ஹோசியத் வீட்டு அடுப்பில் புகையே காணோம். வாரத்துக்கு இரண்டு தடவை ரொட்டி சுடுகிறவள், கடைத்தெரு ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறாள். கடை ரொட்டியைக் கடித்து வைத்தால் செல்லாது. வீட்டு அடுப்பில் அம்மா கையால் சுட்டதாக இருக்க வேண்டும்.

எல்யோர் கேட்டால், "மழையா இருக்குடா" என்றாள். வெயில் அடித்த அன்று, "அடுப்புல வெடிப்பு விழுந்திருக்கு" என்றாள். பிறகு, "மாவு தீந்துபோச்சு." மாவு மூட்டையை அவளே இழுத்துக்கொண்டு போய்த் தூலியின் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள்.

"இது ஏன் இங்கே இருக்கிறது, சித்தி?" என்றாள் தூலி.

ஹோசியத் கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை கையை வீசவில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. "ரொட்டி சுட்டா அவன் கடிச்சிட்டுக் கிளம்பிடுவான், கண்ணு. சுடலன்னா எப்படிக் கிளம்புவான்? யாராவது கேட்டா மாவு இல்லன்னு சொல்லிடு."

தூலி மூட்டையைப் பார்த்தாள், ஹோசியத்தின் முகத்தைப் பார்த்தாள். "நான் பொய் சொல்ல மாட்டேன், சித்தி. யாரும் என்னைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்."

ஹோசியத் அப்படியே வேண்டிக்கொண்டாள். ஐந்து வேளையும் வேண்டிக்கொண்டாள்.

கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. மாவு நிஜமாகவே தீர்ந்துவிட்டதா என்று எல்யோர் தன் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தான். அவர், "புறா முட்டை போட்டிருக்கா பாரு" என்று அனுப்பிவிட்டார். கும்ரியிடம் கேட்டான். அதிசயமாக அவளுக்கும் வாய் அடைத்துவிட்டது. அப்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது. இந்தத் தெருவிலேயே கேட்டால் உள்ளதைச் சொல்கிற ஆள் ஒருத்திதான்.

தூலி முற்றத்தில் மரக்கட்டிலின் மேல் தேநீர்க் கெண்டியோடு உட்கார்ந்திருந்தாள். எல்யோர் நேராகப் போய் அவள் முன்னால் நின்றான். அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் ஹோசியத் கையிலிருந்த கரண்டியோடு உறைந்து போனாள்.

"தூலி, நீ பொய் சொல்ல மாட்ட. நிஜத்தச் சொல்லு. வீட்டுல மாவு இருக்கா இல்லையா?"

தூலி அண்ணாந்து அவனைப் பார்த்தாள். காது நுனி சிவந்தது. கழுத்து சிவந்தது. ஹோசியத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாவா?" என்றாள் தூலி. "இல்லையே. உங்களுக்குக் களைப்பில்லையா? உடம்பு சுகமா? உக்காருங்க, டீ குடிங்க."

புத்தக வாடையே இல்லை. அசல் கோகந்துப் பேச்சு. கும்ரிகூட இவ்வளவு அழகாக மழுப்பியிருக்க மாட்டாள்.

எல்யோர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளுடைய கறுப்புக் கால்சட்டையில் இரண்டு முழங்காலிலும் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. அறையில் மூட்டை இருந்த கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடியிருப்பாள். அவனும் அதைப் பார்த்தான், அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள், கையால் தட்டிவிடவும் இல்லை. கிண்ணத்தை எடுத்து, கவனமாக, பாதிதான் ஊற்றி நீட்டினாள்.

அவன் அந்த அரைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் அதற்குள்ளேயே பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மரக்கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

'கெடுத்துட்டேன், இந்த நல்ல பொண்ணைக் கெடுத்துட்டேன்' என்று ஜன்னலுக்குப் பின்னால் ஹோசியத் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா!" என்று முற்றத்திலிருந்து எல்யோர் குரல் கொடுத்தான். "அடுப்பு வெடிச்சிருக்குன்னீங்களே. அதை இடிச்சிட்டு நானே புதுசு கட்டிடறேன். களிமண் காய எவ்வளவு நாள் ஆகும்?"

நல்ல வெயிலில் ஒரு மாதத்தில் காய்ந்துவிடும். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஹோசியத் தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

"அவசரப்படக் கூடாதுடா ராஜா" என்றாள். "நல்லாக் காயணும்னா இலையுதிர் காலம் வரைக்கும் ஆகும்."